பத்து நிமிடச் சாட்சிக்கு எப்படித் தயாராவது?

கேள்வி கேட்ட தம்பி பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், இப்போது சென்னையில் வேலை. நான்கைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அடுத்த மாத வாலிபர் கூட்டத்தில் பத்து நிமிடம் சாட்சி, அதாவது தன் விசுவாச வாழ்க்கையின் சொந்த அனுபவத்தை, சொல்லும்படி சபையில் கேட்டிருக்கிறார்கள். “நான் குடித்ததில்லை, ஜெயிலுக்குப் போனதில்லை, சாகக் கிடந்து பிழைத்ததும் இல்லை. பிறந்ததிலிருந்து சர்ச்சுக்குப் போகிறேன். என்னத்தைச் சொல்வது, எப்படித் தயாராவது? ஆபீஸில் ஓர் இந்து நண்பரும் நான் ஏன் இதை நம்புகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரிடமும் இதையே சொல்லலாமா?” என்கிறார்.

தம்பி, சாட்சி என்றாலே குடி, ஜெயில், சாவு இந்த மூன்றில் ஒன்றாவது வேண்டும் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். கன்வென்ஷன் மேடைகளில் மைக் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். முன்னாள் ரவுடி, மந்திரவாதம் செய்தவர், டாக்டர்கள் கைவிட்ட நோயாளி. அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர்களை மட்டுமே தேடித் தேடி மேடையேற்றியதில், கீழே உட்கார்ந்திருக்கிற முந்நூறு பேருக்கும் ‘நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை’ என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது.

இந்தச் சங்கடம் இன்றைக்கு நேற்று வந்ததும் அல்ல. 1630களில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் (கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவினர்), சபையில் முழு அங்கத்தினர் ஆக வேண்டுமானால் தேவ கிருபை தன்னில் எப்படிச் செயல்பட்டது என்று சபை முன்னால் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தார்கள். வந்தவர்களிடம் கதை இருந்தது. ஊரை விட்டவர்கள், கடலைக் கடந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளிடம் அது இல்லை. பிறந்ததிலிருந்து வேதம், ஜெபம், ஓய்வுநாள் என்று வளர்ந்த அந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் எழுந்து நின்று சொல்ல ஒன்றும் இல்லாமல் அங்கத்தினர் ஆகாமலே இருந்துவிட்டார்கள். அப்புறம் அவர்களுடைய குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா கூடாதா என்று பெரிய சண்டை. கடைசியில் 1662இல் பாஸ்டனில் கூடி ஒரு சமரசம் செய்தார்கள். பெற்றோர் ஒழுங்காக நடந்து உபதேசத்தை ஒப்புக்கொண்டால் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு, ஆனால் பெற்றோருக்கு நற்கருணை இல்லை என்று. உங்கள் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு நாட்டுச் சபைகளே திண்டாடியிருக்கின்றன.

வேதத்தில் இப்படிக் கெடுபிடி எதுவும் இல்லை. கிறிஸ்தவர்களைப் பிடிக்கப் போன தமஸ்கு வழியில் இயேசுவைச் சந்தித்து விழுந்து எழுந்த பவுல், தன் இளைய உடன் ஊழியர் தீமோத்தேயுவிடம் ‘உன்னுடைய தமஸ்கு எங்கே’ என்று கேட்கவில்லை. பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களிடம் இருந்த விசுவாசம் உன்னிடமும் இருக்கிறது என்று எழுதுகிறார். நீங்கள் தீமோத்தேயு வகை. பவுல் வகைச் சாட்சியை இரவல் வாங்கப் போனால் சட்டை பொருந்தாது.

தேதியைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். ‘எந்த நாளில் இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்று கேட்கிற சபைகள் உண்டு. தேதி தெரிந்தவர்கள் சொல்லட்டும். பெண்கள் முன்னேற்றத்துக்கு உழைத்த பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் எடுத்தார். 1907இல் தன் சாட்சியை எழுதும்போது, கிறிஸ்தவ மதத்தைக் கண்டுகொண்டிருந்தேன், ஆனால் கிறிஸ்துவைக் கண்டுகொள்ள அதற்குப் பின் எட்டு வருடம் ஆனது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24 ராத்திரி, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில், ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது நெஞ்சு அனல் பட்டது போல ஆயிற்று. நேரம் வரை குறித்து வைத்த மனிதர். ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்பே அவர் குருவானவர், கடல் கடந்து ஊழியத்துக்கும் போய் வந்தவர். அந்த ராத்திரிக்குப் பிறகும் சில மாதங்கள் கழித்து, நான் கிறிஸ்தவனே இல்லை என்று டைரியில் எழுதியிருக்கிறார். தேதி இருந்தவர்களுக்கே பாதை இவ்வளவு வளைந்துதான் போயிருக்கிறது.

சரி, தோண்ட வேண்டிய இடம் எது? ‘கர்த்தர் எனக்கு என்ன நன்மை செய்தார்’ என்ற கேள்வியோடு உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்தால் பரீட்சை, வேலை, விசா, வீடு என்று பதில் வரும். வேலை கிடைக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரை அது குத்தும். வேறு மாதிரிக் கேட்டுப் பாருங்கள். விட்டுவிட நல்ல வாய்ப்பு இருந்தும் இந்த விசுவாசத்தை நான் விடாமல் இருந்தது எப்போது? காலேஜ் ஹாஸ்டல் முதல் வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை எழுப்பிவிட அம்மா இல்லை, போனாயா என்று கேட்க ஆளில்லை. போனீர்களா? போகாவிட்டால் திரும்ப எப்போது, எதற்காகப் போனீர்கள்? யாரை மன்னிக்க வேண்டியிருந்தது? கடவுள் மேல் கோபம் வந்து ஜெபத்தை நிறுத்திய காலம் உண்டா? முக்கியமாக இது: இயேசுவை நம்பாதவனாக இருந்திருந்தால் என்னுடைய எந்த முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும்?

கடைசிக் கேள்விக்கு ஒரே ஒரு நேர்மையான பதில் கிடைத்தால் போதும், பத்து நிமிடம் நிறைந்துவிடும். நான் கேட்டவற்றில் மனசில் நின்ற ஒரு சாட்சியைச் சொல்கிறேன். பேசியவர் ஒரு பேங்க் ஊழியர், சர்ச்சிலேயே வளர்ந்தவர். அக்கா கல்யாணத்துக்கு வரதட்சணை கொடுக்க அப்பா வாங்கிய கடன் வீட்டில் எத்தனை வருடம் நின்றது என்று சொன்னார். தன் கல்யாணப் பேச்சில் அம்மா நகைக் கணக்கைத் தொடங்கியபோது வேண்டாம் என்று எழுந்து போனதையும், அம்மா மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாததையும் சொன்னார். கல்யாணத்துக்கு முன் சர்ச்சில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கிறோம், பெண் வீட்டாரைக் கடனாளி ஆக்குகிறோம், நற்கருணையும் எடுக்கிறோம் என்பது தன்னை உறுத்தியது என்றார். அவ்வளவுதான். தரிசனம் இல்லை, கண்ணீர் இல்லை. அன்று பந்தியில் வேறு பேச்சே இல்லை. பாதிப் பேருக்குக் கோபம், அது வேறு விஷயம்.

வீட்டுக் கதையையும் விசாரியுங்கள். உங்கள் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தது யார், என்ன நிலைமையில் என்று ஆச்சியிடம் கேளுங்கள். 1876-78இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக வந்தார்கள் என்று அப்போதே கேலி இருந்தது. உங்கள் முன்னோர் அந்தக் கூட்டத்தில் இருந்தால் மறைக்க வேண்டாம். பசியோடு வந்தவர் ஏன் பஞ்சம் தீர்ந்த பிறகும் போகவில்லை என்பதே நல்ல கதை. ஆனால் அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். கேட்க வந்தவர்களுக்கு வேண்டியது உங்கள் கதை.

அமைப்புக்கு அப்போஸ்தலர் நடபடிகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பவுலின் சாட்சியை 22ஆம் அதிகாரத்தையும் 26ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். நடந்த சம்பவம் ஒன்றேதான். 22இல் எருசலேமில் கோட்டைப் படிக்கட்டில் நின்று, தன்னைக் கொல்ல வந்த யூத ஜனக்கூட்டத்திடம் பேசுகிறார். அவர்கள் பாஷையிலேயே தொடங்குகிறார். பேர்பெற்ற யூத வேத ஆசிரியர் கமாலியேலிடம் படித்ததைச் சொல்கிறார். தனக்கு உதவிய அனனியா வேதப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவர், யூதர்களிடம் நல்ல பேர் எடுத்தவர் என்று அழுத்திச் சொல்கிறார். 26இல் எதிரே அகிரிப்பா ராஜாவும் ரோம அதிகாரி பெஸ்துவும். இங்கே கமாலியேல் பேரும் இல்லை, அனனியா பேரும் இல்லை. அந்த ராஜாவுக்கு அனனியா யாராக இருந்தால் என்ன? அதற்குப் பதிலாக, முன்னே சொல்லாத ஒரு வார்த்தை வருகிறது: முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம். பவுல் எதையும் மாற்றவில்லை, கூட்டவும் இல்லை. எதிரே இருப்பவருக்கு எது தேவை என்று பார்த்து எடுத்துக்கொள்கிறார்.

26இல் இன்னொன்றும் கவனியுங்கள். பழைய வாழ்க்கை, நடந்தது, அதன் பிறகு என்று மூன்று பகுதியாகத் தானாகவே பிரிகிறது. பழைய வாழ்க்கையைச் சொல்லும்போது சிறையில் அடைத்தேன், கொலைக்குச் சம்மதித்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறார், ஆனால் அதிலேயே உழலவில்லை. நம் மேடைகளில் ஏழு நிமிடம் பாவக் கதை, ஒரு நிமிடம் இயேசு, மிச்சம் நன்றி என்றுதான் போகிறது. கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதும் பாவக் கதையைத்தான். பவுலின் பேச்சை வாய்விட்டு வாசித்தால் நான்கைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இத்தனைக்கும் நடுவிலேயே பெஸ்து ‘உனக்குப் பயித்தியம்’ என்று கத்துகிறார், அகிரிப்பா நழுவிவிடுகிறார். ஒருவரும் மனம் மாறியதாக அங்கே எழுதவில்லை. கேட்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது உங்கள் பொறுப்பில் வராது.

தயாரிப்பு என்று நான் சொல்வது இதுதான். முதலில் கையால் எழுதுங்கள், நீளத்தைப் பார்க்காமல். இரண்டு நாள் கழித்து எடுத்து வேண்டாததை அடித்து நீக்க ஆரம்பியுங்கள். சம்பவம் ஒன்றோ இரண்டோ மிஞ்சினால் போதும். எந்த ஊர், எந்த வயது, யார் கூட இருந்தார்கள், அவர்கள் சொன்ன வார்த்தை என்ன என்பவை இருக்கட்டும். ‘பல போராட்டங்கள் வழியாகச் சென்றேன்’ என்பது போன்ற வாக்கியங்கள் போகட்டும். ஒரு போராட்டத்தைச் சொன்னால் மற்றவை தானே புரியும். பத்து நிமிடம் கொடுத்தால் ஏழு நிமிடத்துக்குத் தயார் செய்து, போனில் பதிவு செய்து கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்க யாருக்கும் பிடிக்காது, இருந்தாலும் கேளுங்கள். நாம் நான்கு முறை ‘அதாவது’ சொல்வது அப்போதுதான் தெரியும். மேடையில் தாளைப் பார்த்து வாசிக்கவும் வேண்டாம், மனப்பாடமாக ஒப்பிக்கவும் வேண்டாம். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் உறுதியாக மனசில் இருக்கட்டும், நடுவே நான்கைந்து குறிப்புகள் போதும்.

முதல் வாக்கியம் என்றால் உண்மையிலேயே முதல் வாக்கியம். ஐயருக்கு (சபைப் போதகருக்கு), ஐயர் அம்மாவுக்கு, கமிட்டியாருக்கு, வாலிபர் ஐக்கியச் செயலருக்கு, பாடகர் குழுவுக்கு ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் ஓடிவிடும். ஒரே வரியில் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். பேச்சு நடுவே ‘ஆகவே அன்பானவர்களே’ என்று வாயில் வந்தால் பிரசங்கம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குத்தான் ஐயர் இருக்கிறாரே. வேத வசனம் ஒன்று போதும், அதுவும் அந்தச் சமயத்தில் உங்களுக்கு உண்மையாகவே கைகொடுத்த வசனமாக இருக்க வேண்டும். பேச்சுக்குப் பொருத்தமாக அப்புறம் தேடி எடுத்தது என்றால் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மிகைப்படுத்தலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். மேடை ஏறியதும் மூன்று நாள் காய்ச்சல் பத்து நாளாகும், சைக்கிளில் விழுந்தது விபத்தாகும். சாது சுந்தர் சிங்கை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. 1904 டிசம்பரில் பஞ்சாபின் ராம்பூரில் தன் வீட்டு அறையில் இயேசுவைக் கண்டதாகச் சொன்ன அந்த ஒரு சாட்சியைக் கேட்டு மனம் திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் கைலாச மலையில் சந்தித்ததாகச் சொன்ன மகரிஷி, திபெத் அனுபவங்கள் என்று அவர் பேரில் வந்த மற்றக் கதைகளைப் பிடித்துக்கொண்டு 1920களில் ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் அறிஞர்கள் பெரிய விவாதம் நடத்தினார்கள். ஹைலர் ஆதரித்து எழுதினார், பிஃபிஸ்டர் எதிர்த்து எழுதினார். அதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை, சாது மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு கதை மேல் சந்தேகம் விழுந்தால் பக்கத்தில் இருக்கிற உண்மையும் சேர்ந்து ஆட்டம் காண்கிறது.

யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்றவனைப் பரிசேயர்கள் (யூத மதப் பிரிவினர்) துருவித் துருவிக் கேட்கிறார்கள். இயேசு பாவியா இல்லையா என்ற கேள்விக்கு, எனக்குத் தெரியாது என்கிறான். குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் தெரியும் என்று நிறுத்திக்கொள்கிறான். நடந்தது ஒன்று, அதற்கு நீங்கள் கொடுக்கிற விளக்கம் ஒன்று. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லப் பழகுங்கள். ‘இன்டர்வியூ தள்ளிப்போனது’ என்பது நடந்தது. ‘அதைக் கர்த்தர் செய்ததாக நம்புகிறேன்’ என்பது உங்கள் விசுவாசம். இப்படிச் சொன்னால் நம்பாதவர்கூட உட்கார்ந்து கேட்பார்.

நோய் சுகமான சாட்சி என்றால் இன்னும் ஜாக்கிரதை. ஆபரேஷன் நடந்திருந்தால் அதை விழுங்காதீர்கள், டாக்டருக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தினேன், சுகமானேன் என்று மட்டும் எந்தக் காரணத்துக்கும் சொல்லாதீர்கள். கேட்கிறவர்களில் ஒருவர் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவராகவோ, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவராகவோ, காசநோய் மருந்தைப் பாதியில் வைத்திருக்கிறவராகவோ இருப்பார். நாளைக்கே அவர் நிறுத்தினால் யார் பொறுப்பு?

முடியாத கதையையும் சொல்லலாம். ஜெபித்தும் அப்பா பிழைக்கவில்லை, தம்பி இன்னும் குடிக்கிறான் என்றால் அப்படியே சொல்லுங்கள். தானியேல் புத்தகத்தில், சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளை முன்னால் நின்ற மூன்று பேரும் ‘விடுவிக்காமற்போனாலும்’ என்று சொன்ன பிறகுதான் உள்ளே போனார்கள். தன் மாம்சத்தில் ஒரு முள் என்று பவுல் சொன்ன வேதனையும், ஜெபித்தும் எடுபடவில்லை. அந்த மாதிரிச் சாட்சி நம் சபைகளில் அபூர்வம், அதற்காகக் காத்திருப்பவர்களோ நிறைய.

ஆனால் அதில் தம்பி வருகிறான் என்றால் அவனிடம் முதலில் கேட்டுவிடுங்கள். உங்கள் சாட்சியில் வருகிற அடுத்தவர் கதை உங்களுடையது மட்டும் அல்ல. இப்போது பாதிச் சபைகளில் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது. அப்பாவின் குடி, அக்காவின் விவாகரத்து எல்லாம் நாளைக்குச் சம்பந்தி வீட்டார் தேடி எடுக்கிற மாதிரி அங்கேயே கிடக்கும். பதிவு செய்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள், வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

இனி ஆபீஸ் நண்பர். அவரிடம் மேடைப் பேச்சை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் கேட்டிருக்கிறார், அது நல்ல விஷயம். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்று பேதுரு எழுதியதும் கேட்கிறவர்களை மனதில் வைத்துத்தான். டீ குடிக்கிற நேரத்தில் இரண்டு நிமிடம் போதும். ‘இரத்தத்தால் கழுவப்பட்டேன்’, ‘அபிஷேகம் இறங்கியது’ போன்றவை சர்ச்சுக்குள் வளர்ந்தவர்களுக்கே புரியும். அவரிடம் ‘செய்த தப்புக்கு மன்னிப்பு உண்டு என்று நம்பின பிறகு தூக்கம் வந்தது’ என்கிற மாதிரிப் பேசுங்கள். அவர் கும்பிடுகிற சாமியைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசக் கூடாது, மறைமுகமாகக்கூட. அவருக்கும் ஒரு கதை இருக்கும், அதைக் கேளுங்கள், திருத்துவதற்காக இல்லாமல். அவர் உங்கள் டீமில் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்றால், நீங்களாக இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அப்ரைசல் உங்கள் கையில் இருக்கும்போது அவர் தலையாட்டுவதற்கு மதிப்பில்லை.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் கொள்கையை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று விளக்கியது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் ஒடிசா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற இடங்களில் இத்தகைய சட்டங்கள் இருக்கின்றன, ஆபீஸ் வேலையாக அங்கே போனால் நினைவில் இருக்கட்டும். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலை, பணம், சுகம், பரீட்சை மார்க் எதையும் நம்பிக்கையோடு சேர்த்துக் கட்டி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கூட்டத்தன்று பேசி முடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்ல ஒருவராவது வெளியே காத்திருப்பார். அவரிடம் திரும்ப உங்கள் கதையைத் தொடங்க வேண்டாம். கேளுங்கள். உங்களால் தாங்க முடியாத விஷயம் என்றால், சபையில் யாரிடம் கூட்டிப்போவது, டாக்டரோ வக்கீலோ தேவைப்பட்டால் யாரைக் கேட்பது என்று அதற்கு முந்தின வாரமே ஐயரிடம் பேசி வைத்திருங்கள்.